பந்தயக் குதிரையின் சிறுநீரில் மெற்போமின்: ஒரு நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், படுவான்கரைக் கிராமமொன்றைச் சேர்ந்த ஒருவர் வளைகுடா நாடொன்றில் பந்தயக் குதிரைகளைப் பராமரிக்கும் வேலை செய்துவந்தார். அவர் பொறுப்பிலிருந்த குதிரையொன்றின் சிறுநீரில் தடைசெய்யப்பட்ட மருந்து காணப்பட்டு, அவர் விசாரணைக்கு உள்ளான நிகழ்வு இங்கு தொடக்கம் முதல் முடிவு வரை பதிவாகிறது. இப்பகுதியிலிருந்து இத்தகைய வேலைக்குச் செல்வோருக்கும் அவர்களை அனுப்பிவைப்போருக்கும் இது பயன்படும் என்று கருதி, அவரது சம்மதத்துடன் எழுதுகிறேன். ஆட்களையோ லாயத்தையோ நாட்டையோ அடையாளம் காட்டக்கூடிய விபரங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன. நான் மட்டக்களப்பில் மருந்தாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன். ஆய்வுகூட அறிக்கையை வாசித்து விளக்குவதற்காகவே அவரது குடும்பத்தினர் முதலில் என்னை நாடினர்.

பின்னணி

நாற்பது வயதைத் தாண்டிய அவர் மாட்டுப் பட்டி வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். விலங்குகளோடு பழகிய கை என்பதாலேயே குதிரை லாயத்தில் வேலை கிடைத்தது. அங்கு இந்த வேலையைச் சாயிஸ் வேலை என்பார்கள். மூன்று குதிரைகள் அவர் பொறுப்பில் இருந்தன. அவற்றுக்குத் தீனி வைத்தல், உடம்பு தேய்த்தல், கொட்டில் துப்புரவாக்குதல், பயிற்சிக்குப் பின் நடத்திச் சூடாற்றுதல் ஆகியவற்றோடு, பந்தயத்துக்கு முந்திய இரவுகளில் கொட்டிலருகே காவல் இருப்பதும் அவர் கடமையாக இருந்தது.

வெளிநாடு செல்வதற்குச் சில வருடங்களுக்கு முன்பே அவருக்குச் சீனி வருத்தம் இருப்பது தெரியவந்திருந்தது. அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் 500 மில்லிகிராம் மெற்போமின் குளிசை காலையும் இரவும் எடுக்கும்படி எழுதிக் கொடுத்திருந்தார்கள். தகுதி இல்லை என்று திருப்பிவிடுவார்கள் என இடைத்தரகர் பயமுறுத்தியதால், மருத்துவப் பரிசோதனையின்போது அவர் இதனைச் சொல்லவில்லை. ஊரிலிருந்து வருவோர் கொண்டுவரும் பொதிகளில் மிளகாய்த் தூளோடும் கருவாட்டோடும் அவரது குளிசைகளும் போய்க்கொண்டிருந்தன.

மாதிரி எடுக்கப்பட்ட விதம்

குளிர்காலப் பந்தயப் பருவத்தின் நடுப்பகுதியில் அக்குதிரை ஒரு பந்தயத்தில் இரண்டாவதாக வந்தது. விதிப்படி அது நேரே மாதிரி எடுக்கும் கொட்டிலுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. புது வைக்கோல் பரப்பிய அந்தக் கொட்டிலில், நீண்ட கோலின் நுனியில் பொருத்திய பாத்திரத்துடன் ஓர் உதவியாளர் காத்து நிற்பார். பராமரிப்பாளர் மெல்லச் சீழ்க்கையடித்துக் குதிரையைச் சிறுநீர் கழிக்கத் தூண்டுவார். உலகின் பல பந்தயத் திடல்களில் இதுவே பழக்கம். குதிரை கழிக்காவிட்டால் இரத்தம் எடுப்பார்கள். இக்குதிரையோ அதிக நேரம் காத்திருக்க வைக்கவில்லை. கல்சியம் காபனேற்றுப் பளிங்குகளாலும் சளியாலும் குதிரையின் சிறுநீர் இயல்பாகவே கலங்கித் தடித்திருக்கும். அது இரண்டு போத்தல்களில் பிரிக்கப்பட்டு, திறந்தால் தெரியும்படியான முத்திரையிட்டு இலக்கமிடப்பட்டது. பெயர் எதுவும் எழுதப்படவில்லை. சாட்சியாக நின்ற பராமரிப்பாளரே கையொப்பமிட்டார். முதல் போத்தல் ஏ மாதிரி எனவும், மறுபரிசோதனைக்காக உறைகுளிரில் வைக்கப்படும் இரண்டாவது பி மாதிரி எனவும் வழங்கும்.

சில வாரங்களுக்குப் பின் ஏ மாதிரியில் மெற்போமின் உறுதிசெய்யப்பட்டதாகப் பயிற்சியாளருக்கு அறிவித்தல் வந்தது. அன்று மாலையே தலைமைப் பராமரிப்பாளர் ஒருவர் நம்மவரை அழைத்து, குதிரைக்கு ஏதாவது மருந்து கொடுத்தாயா என்று இந்தியில் கேட்டார். இல்லை என்று அவர் உண்மையையே சொன்னார். அந்தப் பதில் அப்படியே விசாரணைக் கோவையில் ஏறியது. அவர் தாம் எந்த மருந்தை எடுக்கிறார் என்று அப்போது எவரும் கேட்கவில்லை. பிற்பாடு நடந்த குழப்பங்களில் பெரும்பகுதி இந்த ஒற்றைக் கேள்வி கேட்கப்படாமற் போனதிலிருந்தே விளைந்தது என்பது என் கணிப்பு.

அறிக்கையை வாசித்தபோது

அறிக்கையின் படம் கைத்தொலைபேசி வழியாக அவரது மனைவிக்கு வந்து, அவர் அதை என்னிடம் கொண்டுவந்தார். “சேர், அவரு குதிரைக்கு ஒண்டுமே குடுக்கல்ல. பிறகு எப்படி இது வந்த?” என்பதே அவரது கேள்வி. அறிக்கையில் மெற்போமின் என்ற பெயரைக் கண்டதும், வீட்டில் யாருக்காவது சீனி வருத்தம் இருக்கிறதா என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கைப்பையிலிருந்து கணவரின் கிளினிக் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். அதை அவர் வரும்போதே கொண்டுவந்திருந்தார்.

மெற்போமின் மனித விளையாட்டு வீரர்களுக்குத் தடைசெய்யப்பட்ட பொருளன்று. குதிரைப் பந்தயத்தின் நிலை வேறு. உடலின் எந்தத் தொகுதியின் மீதும் செயற்படக்கூடிய பொருள் பந்தய நாளில் குதிரையில் இருக்கக்கூடாது என்பது சர்வதேசப் பந்தய உடன்படிக்கையின் 6ஆம் பிரிவின் அடிப்படை. இரத்தச் சீனியைக் குறைக்கும் மருந்து அந்த வலையில் தப்பாமல் விழும்.

சில பொருள்களுக்கு மட்டும் எல்லை அளவுகள் உண்டு. கொக்கோக் கோதில் உள்ள தியோபுரோமின் தீனியில் கலந்துவிடக்கூடும் என்பதால், சிறுநீரில் மில்லிலீற்றருக்கு 2 மைக்குரோகிராம் வரை பொறுத்துக்கொள்வார்கள். குதிரைமசால் முதலிய தீவனங்களிலிருந்து இயல்பாகவே சேரும் சலிசிலிக் அமிலத்துக்கு எல்லை 750 மைக்குரோகிராம். புல்லோடு ஊமத்தை கலந்தால் வரும் அத்திரோப்பினுக்கு 60 நனோகிராமும், தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கபேனுக்கு 50 நனோகிராமும் பரிந்துரைக்கப்பட்டுள்ளன. இந்நிகழ்வு நடந்த இடத்தில் மெற்போமினுக்கு அவ்வாறான எல்லை எதுவும் அப்போது இருக்கவில்லை. எல்லை இல்லாத பொருள் மாதிரியில் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டுமே ஆய்வுகூடம் உறுதிசெய்யும், எவ்வளவு என்பதை அளந்து சொல்லும் கடமை அதற்கில்லை.

பகுப்பாய்வின் தரம் குறித்து எனக்குச் சந்தேகம் எழவில்லை. மெற்போமின் சிறியதும் நீரில் மிக எளிதாகக் கரைவதுமான மூலக்கூறு என்பதால் கலவையிலுள்ள பொருள்களைப் பிரிக்கும் வழக்கமான திரவ நிறப்பிரிகைக் கம்பங்களில் நிலைக்காமல் முதலிலேயே வழுகி வெளியேறிவிடும். அதைப் பிடித்து நிறுத்தவல்ல வேறு வகைக் கம்பத்தை இந்த ஆய்வுகூடம் பயன்படுத்தியிருந்தது. மூலக்கூறுகளைத் திணிவைக் கொண்டு இனங்காணும் திணிவு நிறமாலைமானியில் 130 என்ற தாய் அயனும், அது உடையும்போது தோன்றும் 71, 60 என்ற துண்டுகளும், தூய மெற்போமினோடு ஒப்பிடப்பட்டு, வெளியேறும் நேரமும் துண்டுகளின் விகிதமும் பொருந்தியிருந்தன. மருந்து இல்லாத குதிரைச் சிறுநீரும் அதே நாளில் அதே கருவியில் ஓட்டப்பட்டு வெறுமையாக வந்திருந்தது. ஆகவே குதிரையின் சிறுநீரில் மெற்போமின் இருந்தது என்பதை ஏற்றுக்கொண்டே மேலே போக வேண்டியிருந்தது.

கணக்கு

பயிற்சியாளரின் சட்டத்தரணி எழுத்தில் கேட்டதன்பேரில், செறிவு மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 7 நனோகிராம் என்று ஆய்வுகூடம் மதிப்பிட்டுச் சொன்னது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் போட்ட கணக்கு இது.

வளர்ந்த மனிதர் வாயால் எடுக்கும் மெற்போமினில் பாதியளவே குடலிலிருந்து இரத்தத்துக்குச் செல்கிறது. ஈரல் அதனை மாற்றுவதில்லை. சென்ற அளவு சிறுநீரகத்தின் வழியாக அப்படியே வெளியேறும். நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் எடுப்பவரின் ஒரு நாள் சிறுநீரில் ஏறத்தாழ 500 மில்லிகிராம் இருக்கும். இரண்டு லீற்றர் கழிக்கிறார் எனக் கொண்டால், 300 மில்லிலீற்றர் கொண்ட ஒரு தடவைச் சிறுநீரில் 75 மில்லிகிராம். அது வைக்கோலில் படுகிறது என்றும், அதில் நூறில் ஒரு பங்கு மட்டும் குதிரையின் வாய்க்குள் போகிறது என்றும் வைத்துக்கொள்வோம். முக்கால் மில்லிகிராம். குதிரையின் குடல் மெற்போமினை மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது என்றும், அது நூற்றுக்கு 4 முதல் 7 வரை என்றும் ஆய்வுகள் காட்டியுள்ளன. நூற்றுக்கு 5 எனக் கொண்டால் இரத்தத்துக்குச் செல்வது 37 மைக்குரோகிராமளவு. குதிரை ஒரு நாளில் கழிக்கும் 10 லீற்றர் சிறுநீரில் அது பரவினால் மில்லிலீற்றருக்கு 4 நனோகிராமுக்குச் சற்றுக் குறைவாக வரும்.

மறுபக்கத்தையும் பார்த்தேன். மிருக வைத்தியர்கள் இன்சுலின் கோளாறுள்ள குதிரைகளுக்கு மெற்போமின் கொடுப்பதுண்டு. அதற்கு உடல் நிறையில் கிலோவுக்கு 15 முதல் 30 மில்லிகிராம் வரை, நாளுக்கு இரண்டு மூன்று தடவை கொடுக்க வேண்டியிருக்கும். 450 கிலோ நிறையுள்ள குதிரைக்கு ஒரு வேளைக்கே 14 முதல் 27 குளிசைகள் தேவை. நம்மவருக்கு ஊரிலிருந்து போன பொதி இரண்டு நாள் தாங்காது.

இந்தக் கணக்கு எதையும் நிரூபிக்கவில்லை என்பதையும் அவரது மனைவியிடம் சொன்னேன். பெரிய அளவில் கொடுக்கப்பட்ட மருந்து பல நாள்களுக்குப் பின் குறைந்து குறைந்து இதே 7 நனோகிராமில் வந்து நிற்கவும் கூடும். சிறிய எண்ணைப் பார்த்ததும் குற்றமில்லை என்று முடிவுகட்டும் வாதம் நடுவர் குழுவின் முன் நிற்காது. மனிதச் சிறுநீரால் இது நிகழ்ந்திருக்க முடியும் என்பதோடு, இங்கே அவ்வாறுதான் நிகழ்ந்தது என்பதற்கும் தடயம் தேவைப்பட்டது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவுதான் கடினமானது. குளிசை விடயத்தைச் சொன்னால் மருத்துவப் பரிசோதனையில் மறைத்தது வெளிவரும், வேலை போகும், வீட்டுக் கடனும் அந்தரத்தில் நிற்கும் என்று குடும்பத்தினர் பயந்தனர். மைத்துனர் ஒருவர், மிஞ்சிய குளிசைகளை எறிந்துவிட்டுப் பேசாமல் இருக்கச் சொல்லலாம் என்றார். நான் அதற்கு இணங்கவில்லை. நோயாளி திடீரென்று குளிசையை நிறுத்துவது முதலாவது ஆபத்து. குளிசையை எறிந்தாலும் கொட்டிலில் படிந்திருப்பது போகாது, பின்னர் அது கண்டுபிடிக்கப்பட்டால் மறைத்த காரியமே குற்றத்துக்குச் சாட்சியாகிவிடும் என்பது இரண்டாவது. அன்றிரவு அவரோடு தொலைபேசியில் பேசினேன்.

“தம்பி, இரவுக் காவலில் சலம் போக எங்கே போவீர்?” என்று கேட்டேன்.

“கக்கூஸ் வரிசையின்ர மற்றத் தொங்கல்ல, சேர். நான் எழும்பிப் போனா இந்தக் குதிர கதவ உதைக்கும். அதால அந்த மூலையிலேயே…” என்று இழுத்தார்.

அந்த மூலையில்தான் உலர்புல் வலை தொங்கிக்கொண்டிருந்தது. சிந்திய புல்லைக் குதிரை நிலத்திலிருந்து பொறுக்கித் தின்னும் என்பதையும் அவரே சொன்னார். மாட்டுப் பட்டியில் வளர்ந்தவருக்கு இதில் பிழை இருப்பதாகத் தோன்ற வழியில்லை. சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதபோது இரவில் பல தடவை சிறுநீர் போகும். குளிசையைத் தேவையாக்கிய நோயே அவரை அந்த மூலைக்கும் அடிக்கடி அனுப்பியிருக்கிறது.

மறுநாள் காலையில் அவர் நேரே லாயத்தின் மிருக வைத்தியரிடம் போய்ச் சொல்வது என்று முடிவாயிற்று. பயிற்சியாளரிடமோ தலைமைப் பராமரிப்பாளரிடமோ முதலில் சொல்லாமல் வைத்தியரைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. தடயம் அழியுமுன் அதை முறைப்படி எடுக்கக்கூடியவர் அவர் மட்டுமே. கிளினிக் கொப்பியின் பக்கங்களையும் குளிசை அட்டைகளின் படங்களையும் மனைவி அனுப்பிவைத்தார். வாக்குமூலத்தை அவர் தமிழிலேயே எழுத வேண்டும், அரைகுறை இந்தியில் சொல்லக் கூடாது என்று வற்புறுத்தினேன். அது சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரால் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டது.

பி மாதிரியைச் சோதிப்பதா என்ற கேள்வி பயிற்சியாளருக்கு உரியது. அது செலவுள்ள காரியம், முடிவு மாறப்போவதில்லை என்பது என் எண்ணம். அவர் அந்த உரிமையைப் பயன்படுத்தினார். வேறொரு நாட்டின் ஆய்வுகூடம் அதே முடிவைத் தந்தது.

தடயங்கள்

மிருக வைத்தியர் நான் எதிர்பார்த்ததைவிட நிதானமானவராக இருந்தார். கொட்டிலை மேலும் கழுவ வேண்டாமென நிறுத்திவைத்துவிட்டு, பந்தய அதிகாரியொருவரின் முன்னிலையில் பல இடங்களிலிருந்து மாதிரி எடுத்தார். மூலையின் இறப்பர் விரிப்புக்கு அடியில் கிடந்த வைக்கோல், சுவரின் அடிப்பகுதியில் ஒற்றியெடுத்த பஞ்சு, தீனி வாளி, களஞ்சியத்தில் பிரிக்காமல் இருந்த உலர்புல் கட்டு, பராமரிப்பாளரின் சொந்தச் சிறுநீர் ஆகியவை தனித்தனியே முத்திரையிடப்பட்டன. லாயத்தின் ஏனைய குதிரைகள் சிலவற்றிலிருந்தும் சிறுநீர் எடுக்கும்படி அவரே கோரினார்.

வைக்கோலிலும் சுவர்ப் பஞ்சிலும் மெற்போமின் இருந்தது. தீனி வாளியிலும் களஞ்சியப் புல்லிலும் இல்லை. நம்மவர் பார்த்துவந்த மற்ற இரண்டு குதிரைகளில் ஒன்றின் சிறுநீரில் மிகச் சிறிதளவு காணப்பட்டது. அது அந்த வாரம் எந்தப் பந்தயத்திலும் ஓடவிருக்கவில்லை. வேறு பராமரிப்பாளர்களின் பொறுப்பிலிருந்து சோதிக்கப்பட்ட குதிரைகளில் ஒன்றிலேனும் இல்லை. என் கணக்கைவிட இந்தப் பரம்பலே கனமான சாட்சி. மருந்து குதிரையைத் தேர்ந்து போகாமல், மனிதரைப் பின்தொடர்ந்து போயிருந்தது.

விசாரணையும் முடிவும்

நடுவர் குழு பயிற்சியாளரையும் பராமரிப்பாளரையும் மிருக வைத்தியரையும் தனித்தனியே விசாரித்தது. இம்முறை தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தார். அமெரிக்காவில் 2023 மே மாதம் தேசிய அளவிலான பந்தய மருந்துக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்த பின்னர் மெற்போமின் தொடர்பாகவே பயிற்சியாளர்கள் மீது வழக்குகள் எழுந்ததையும், மனிதரிடமிருந்து கலந்தது என்ற வாதம் அங்கும் முன்வைக்கப்பட்டதையும் சட்டத்தரணி எடுத்துக்காட்டினார். குழு அதற்குப் பெரிய முக்கியத்துவம் கொடுத்ததாகத் தெரியவில்லை. கொட்டில் மாதிரிகளைப் பற்றியே கேள்விகள் சுற்றிச் சுற்றி வந்தன.

குதிரையின் இரண்டாமிடம் பறிக்கப்பட்டு, பரிசுப்பணம் திருப்பி வாங்கப்பட்டது. எவர் பிழையானாலும் பந்தய நாளில் குதிரையின் உடலில் மருந்து இருந்தால் பொறுப்பு பயிற்சியாளருடையது என்பதால் இதில் விலக்குக் கிடையாது. பயிற்சியாளருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. வேண்டுமென்று கொடுக்கப்பட்டதல்ல என்று குழு ஏற்றுக்கொண்டதால் இடைநிறுத்தம் இல்லை. பராமரிப்பாளர் எழுத்தில் எச்சரிக்கப்பட்டார்.

லாயம் அவரை வெளியேற்றவில்லை. பருவம் முடியும்வரை பந்தயத்தில் ஓடாத இளங்குதிரைகளின் பகுதிக்கு மாற்றியது. சம்பளம் குறையாவிட்டாலும், குதிரை வென்றால் கிடைக்கும் சிறு பங்கு இல்லாமற் போயிற்று. அந்த இழப்பு அவருக்கு நியாயமாகப் படவில்லை, எனக்கும் படவில்லை. தொலைவிலுள்ள ஒரே கழிப்பறையை நம்பி ஒரு மனிதரை இரவு முழுவதும் காவலுக்கு நிறுத்தியவர்களுக்கும் இதில் பங்குண்டு. அதே நேரத்தில், மறைக்க வேண்டிய தேவை போனதால் அவர் அந்நாட்டிலேயே கிளினிக் பார்க்கத் தொடங்கினார். இரத்தச் சீனி கட்டுப்பாட்டுக்கு வந்து, இரவில் எழும்புவதும் குறைந்திருப்பதாக அறிகிறேன்.

மாற வேண்டியவை

கொட்டிலுக்குள் சிறுநீர் கழிக்கக் கூடாது என்ற விதி அந்த லாயத்தில் எழுத்தில் இருந்தது. ஆங்கிலத்திலும் அரபியிலும் எழுதப்பட்டுக் கதவில் ஒட்டப்பட்டிருந்த அதனை நம்மவர் ஒருபோதும் வாசித்திருக்கவில்லை. காரணம் சொல்லாமல் இடப்படும் இத்தகைய விதியை, துப்புரவுக்கான விதி என்றே வாசித்தவர்களும் எடுத்துக்கொள்வார்கள். மனிதர் விழுங்கும் குளிசை குதிரையின் பரிசோதனையில் தோன்றும் என்பதை, மட்டக்களப்பிலிருந்து புறப்படுமுன் பயிற்சி வகுப்பிலேயே சொல்லிவிடுவது கூடியது.

இது மெற்போமினோடு நிற்கும் விடயமுமன்று. நாரி நோவுக்குப் பூசும் டைக்குளோபெனக் களிம்பு, கற்பூரம் கலந்த தைலம், மிளகாய்ச் சத்துள்ள பூச்சு, இருமல் பாணி ஆகியவை ஊரிலிருந்து போகும் ஏறத்தாழ எல்லாப் பொதியிலும் இருக்கும். இவற்றைத் தொட்ட கையால் கடிவாளத்தையோ குதிரையின் வாயையோ தொடுவதால் வரும் ஆபத்தும் அதேயளவு உண்மையானது. கொட்டிலில் வைத்துக் குடிக்கும் பிளேன்ரீயின் சக்கையை வைக்கோலில் கொட்டுவதும் இவற்றோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டும்.

நோயை மறைக்காதீர்கள் என்று வேலைக்குப் போகிறவரிடம் மட்டும் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. சொன்னால் வேலை போகும் என்றிருக்கும்வரை எவரும் சொல்லமாட்டார். வேலைக்கு எடுப்பவரின் கைக்குப் போகாமல், மிருக வைத்தியரின் கையில் மட்டும் இருக்கும் ஒரு படிவமே நடைமுறைக்கு ஏற்றது என்று வாக்குமூலத்தோடு இணைத்த கடிதத்தில் எழுதியிருந்தேன். அந்த மிருக வைத்தியர் அதை ஏற்றுக்கொண்டார். இப்போது அங்கு புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் தமது குளிசைகளையும் பூச்சுகளையும் தமிழ், இந்தி, உருது ஆகியவற்றில் ஒன்றில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி அவரிடம் கொடுக்கிறார்கள். இரவுக் காவலுக்கு இருவர் நிறுத்தப்படுகிறார்கள். உலர்புல் வலை கொட்டிலின் மூலையிலிருந்து கதவருகே மாற்றப்பட்டுள்ளது. கழிப்பறை இன்னும் வரிசையின் மற்றத் தொங்கலிலேயே இருக்கிறது.